பூவும் நாரும் ஒரு கிராஃபும்

பொட்டி தட்டுறவனுக்கு பிசிக்ஸ் எதுக்குடான்னு கேட்காதீங்க மக்களே. ஆணி கம்மியா இருந்த ஒரு ராத்திரி, குவாண்டம் கம்ப்யூட்டர் பத்தி மேயப் போய் வசமா மாட்டிக்கிட்டேன்.

பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும்னு வீட்டுல சொல்வாங்கல்ல? பிசிக்ஸ்லயும் அது உண்டு. பேரு ப்ராக்ஸிமிட்டி எஃபெக்ட். அலுமினியத்தை சுமார் 1.2 கெல்வினுக்குக் கீழே குளிர வெச்சா சூப்பர் கண்டக்டர் ஆயிடும். எலக்ட்ரான்கள் ஜோடி போட்டுக்கிட்டு தடையே இல்லாம ஓடும். அதை ஒரு செமிகண்டக்டரோட ஒட்டி வெச்சா, அந்த ஜோடிகள் எல்லை தாண்டி இதுக்குள்ளயும் கொஞ்ச தூரம் வரும். சொந்தமா சூப்பர் கண்டக்டர் ஆகாத பொருளுக்கும் அந்த குணம் ஒட்டிக்கும்.

2010ல ரெண்டு குழுக்கள் ஒரு கணக்கு போட்டாங்க. மெல்லிசா ஒரு செமிகண்டக்டர் கம்பி, ஒட்டினாப்ல சூப்பர் கண்டக்டர், கூடவே காந்தப்புலம். எல்லாம் சரியா அமைஞ்சா கம்பி டோபலாஜிக்கல் நிலைக்குப் போகும்; ரெண்டு நுனியிலயும் பாதிப் பாதி எலக்ட்ரான் மாதிரி மயோரானா உட்காரும். தகவலை இப்படி ரெண்டு நுனிக்கும் பிரிச்சு வெச்சா, ஒரு பக்கத்துல நடக்குற கலாட்டா அதைக் கெடுக்காது. குவாண்டம் கம்ப்யூட்டர்காரங்க நாக்குல எச்சில் ஊறாதா பின்ன?

2012ல நெதர்லாந்தின் டெல்ஃப்ட்ல முதல் அறிகுறி கிடைச்சுது. 2018ல அதே ஊர்க் குழு, கோட்பாடு சொன்ன அதே மதிப்புல மின்கடத்தல் சமதளமா நிக்குதுன்னு நேச்சர்ல கிராஃப் போட்டாங்க. 2012 கட்டுரையை எழுதினவங்கள்ல ரெண்டு பேர், செர்கெய் ஃப்ரோலோவும் வின்சென்ட் மூரிக்கும், மூல டேட்டாவைக் கேட்டு வாங்கிப் பார்த்தாங்க. முழுசா வரைஞ்சா கோடு அந்த மதிப்பைத் தாண்டி மேலே போகுது! 2021 மார்ச்ல கட்டுரை வாபஸ். வேணும்னே பொய் சொன்னதுக்கு ஆதாரம் இல்லை, உற்சாகத்துல அடிச்சிட்டுப் போயிட்டாங்கன்னு விசாரிச்ச நிபுணர்கள் சொன்னாங்க. கம்பியில இருக்கிற சாதாரணக் குறைபாடுகளே மயோரானா மாதிரி வேஷம் கட்டும்ங்கிறதுதான் இதுல பெரிய சிக்கல்.

இங்கதான் எனக்குத் தூக்கம் போச்சு.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ரிலீசுக்கு லோடு டெஸ்ட் பண்ணினேன். பத்து ரன். அதுல மூணு படு ஸ்லோ. 'நெட்வொர்க் மக்கர் பண்ணிருக்கும்'னு அந்த மூணையும் விட்டுட்டு ஏழுக்கு மட்டும் கிராஃப் போட்டேன். அழகான நேர்கோடு. டேமேஜர் தோள்ல தட்டிக் கொடுத்தார். ரிலீஸ் ஆன மூணாம் நாள் சர்வர் படுத்துக்கிச்சு. ரெண்டு பேர் விடிய விடிய உட்கார்ந்தாங்க, அதுல ஒருத்தனுக்கு மறுநாள் நிச்சயதார்த்தம். என்கிட்ட யாருமே எதுவும் கேட்கலை.

நான் பொய் சொல்லலை. நெட்வொர்க்தான்னு நிஜமாவே நம்பினேன். நம்ப எனக்கு வசதியா இருந்தது, அவ்ளோதான்.

அந்த எக்செல் இன்னும் இருக்கு. மூணு வரியையும் அழிக்கலை, மறைச்சுதான் வெச்சிருந்தேன். நேத்து அதைத் திறந்து காட்டி, மொத்த டீமுக்கும் மெயில் போட்டேன். நிச்சயதார்த்தக்காரன்கிட்டேருந்து மட்டும் ஒரு வரி பதில் வந்தது: "எனக்கு அப்பவே டவுட்டு மச்சி."

டிஸ்கி: பிசிக்ஸ்ல தப்பு இருந்தா பின்னூட்டத்துல கும்முங்க. மறைக்காம வெளியிடுறேன் :-)