அட்டையில் அச்சாகாத வசனங்கள்

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. கோயில்களில் ஒரு தட்டு வரும். தட்டு நிறைய வாக்குத்தத்த அட்டைகள், கவிழ்த்து வைத்திருக்கும். கண்ணை மூடி ஒரு வார்த்தை ஜெபம் பண்ணிவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். அதில் என்ன வசனம் இருக்கிறதோ அதுதான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்குத் தருவது. பிளஸ் டூ எழுதப்போகும் பிள்ளையை வைத்திருக்கிற தாய்மார் எடுத்த இடத்திலேயே வாசித்துக் கண்கலங்குவார்கள். மனசுக்குப் பிடிக்காததை நைசாகத் தட்டிலேயே போட்டுவிட்டு வேறொன்று எடுக்கிற ஆட்களும் உண்டு. மறுநாள் அட்டை பீரோ கண்ணாடியில் செருகப்பட்டுவிடும்.

இதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. பெரிய வியாதியோடு படுத்துக்கிடந்தவர்கள் இந்த அட்டையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு நாளைத் தள்ளியதைப் பார்த்திருக்கிறேன். என் வருத்தமெல்லாம் இவ்வளவு பெரிய வேதாகமத்தில் அச்சகத்தார் கண்ணுக்கு வாக்குத்தத்தம் மட்டுமே படுகிறதே என்பதுதான். கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது என்று லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதை ஒரு அட்டையிலாவது யாராவது எடுத்ததுண்டா?

வாக்குத்தத்தம் என்று எடுக்கிற இடத்திலும் கத்தரி போட்டுத்தான் எடுக்கிறோம். எரேமியா 29ஆம் அதிகாரம் 11ஆம் வசனம் இல்லாத கிறிஸ்தவ வீடு அபூர்வம். நமக்கு நல்ல காலம் வரும் என்பதற்கு அதுதான் ஆதாரம். ஆனால் அது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது. எழுபது வருஷம் அங்கேயே கிடக்க வேண்டும் என்று முந்தின வசனம் சொல்கிறது. சிறைபிடித்தவனுடைய ஊர் நன்றாயிருக்க ஜெபம் பண்ணு என்பது அதற்கும் முந்தி வருகிறது. ஏசாயா 58இல் இன்னும் மோசம். வற்றாத ஊற்றையும் செழித்த தோட்டத்தையும் பற்றிய 11ஆம் வசனத்தை எத்தனையோ வீட்டு வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அதற்கு மேலே உள்ள வசனங்களில்தான் நிபந்தனை முழுக்க இருக்கிறது: பசித்தவனுக்குச் சோறு, வீடில்லாதவனுக்கு இடம், ஒடுக்கப்பட்டவனுக்கு விடுதலை, அடுத்தவனை நோக்கி நீட்டுகிற விரலை மடக்குவது. பத்திரத்தில் நமக்கு வர வேண்டியதை மட்டும் வாசித்துவிட்டு, நாம் கட்ட வேண்டியதை மடித்து உள்ளே வைத்துவிடுகிறோம்.

மடித்து வைத்ததில் முதலாவது சாதி. அசனம் என்கிற சபை விருந்தில் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம், மறுக்கவில்லை. ஆனால் கிறிஸ்தவப் பத்திரிகையில் மணமகள் தேவை விளம்பரத்தைப் பாருங்கள். இரட்சிக்கப்பட்ட, ஞானஸ்நானம் பெற்ற, ஜெபிக்கிற பெண் வேண்டும் என்று தொடங்கும். அடுத்த வரியிலேயே சாதியும், சிலதில் உட்பிரிவும் வந்துவிடும். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும் என்று 1833இல் சுற்றறிக்கை அனுப்பினார். அதை எதிர்த்துத் தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பெரிய கிளர்ச்சியே கிளம்பியது. நாம் இன்றும் உருகி உருகிப் பாடுகிற கீர்த்தனைகளைக் கட்டிய வேதநாயகம் சாஸ்திரியாரே, சாதி வழக்கத்துக்காக மிஷனரிகளோடு வாதாடியவர்தான். கத்தோலிக்கருக்கு வடக்கன்குளம் கோயில். பீடம் ஒன்று, அதை நோக்கிச் சாதிவாரியாக இரண்டு தனித்தனி மண்டபம், நடுவில் சுவர். 1910இல் சுவரை இடித்தபோது, அது எங்கள் உரிமை என்று சுவரை வேண்டியவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். நல்லவேளை, விளம்பரத்தில் கட்டியிருக்கிற சுவரை இடிக்க எந்தக் கோர்ட்டாலும் முடியாது என்று நிம்மதியாக இருக்கிறோம்.

வரதட்சணையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சம்பந்தம் பேசுகிற கூட்டம் ஜெபத்தோடு தொடங்கி ஜெபத்தோடு முடியும். பவுன் கணக்கு நடுவில். “நாங்க ஒண்ணும் கேக்கல, உங்க பிள்ளைக்கு நீங்க செய்றதச் செய்யுங்க” என்ற வாசகம் எங்கள் பக்கத்தில் விசுவாசப் பிரமாணத்துக்கு அடுத்தபடி எல்லாருக்கும் மனப்பாடம். ஞாயிறு பள்ளியில் சகேயு கதை சொல்லும்போது பிள்ளைகள் மரம் ஏறுகிற மாதிரி நடித்துக் காட்டும். இறங்கி வந்து என்ன செய்தான்? சொத்தில் பாதியை ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கினதை நாலு மடங்காகத் திருப்பி. அந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுக்கிற டீச்சர்கள் குறைவு. குள்ளமானவன் என்பதோடு கதை முடிந்துவிடுகிறது.

இத்தனைக்கும் நடுவில் முழு அதிகாரத்தையும் வாசிக்கிறவர்கள் அங்கங்கே இருக்கத்தான் செய்கிறார்கள். எங்கள் தெருவில் ரிட்டயர் ஆன டீச்சர் ஒருவர் இருந்தார். சபையில் எந்தப் பதவியும் கிடையாது. சாட்சி சொல்ல எழுந்ததும் இல்லை. அவர் வீட்டில் பாத்திரம் துலக்க வருகிற அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு, சம்பளத்தில் பிடித்தமும் இல்லை. தெருவில் மற்ற கிறிஸ்தவ வீடுகளில் அன்றைக்குத்தான் வேலை அதிகம். கறிச்சட்டியும் விருந்தாளித் தட்டும் குவிந்து கிடக்கும். டீச்சர் வீட்டில் சனிக்கிழமை வைத்த புளிக்குழம்பைச் சூடு பண்ணுவார்கள். ஊரெல்லாம் கறி மணக்கும்போது நம்ம வீட்டில் மட்டும் பழைய குழம்பா என்று பேரப்பிள்ளைகள் முகத்தைத் தூக்குவார்கள். அந்த அக்காவுக்கே முதலில் சந்தேகம் வந்துவிட்டது.

“நாளைக்கு என்னைய முழுசா நிப்பாட்டப் போறீயளா டீச்சர்?”

“நிப்பாட்டல. நான் கோயில்ல உக்காந்து பாடிக்கிட்டிருக்கும்போது நீ எதுக்கு இங்க என் சட்டியத் தேய்க்கணும்? நீயும் செத்த படுத்து எந்திரி.”

அதோடு நின்றிருந்தால் டீச்சருக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கும். அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்தபோது அந்த அக்கா மூன்று நாள் லீவு கேட்டாள். டீச்சர் லீவும் கொடுத்து, பிள்ளைகளுக்குத் துணி எடுக்க முன்பணமும் கொடுத்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் சபையின் சேகர கமிட்டிக்காரர் ஒருவர் வீட்டுக்கே வந்தார். விசுவாசி ஒருத்தர் கொடைக்குக் காசு கொடுக்கலாமா, இது சாட்சிக் கேடு இல்லையா என்று ஆரம்பித்தார். டீச்சர் காப்பி கொடுத்து, முழுசாகப் பேசவிட்டுக் கேட்டார்.

“ஓய்வுநாள் கட்டளையில மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரின்னு வரிசையா சொல்லிட்டு, வாசலுக்குள்ள இருக்கிற அந்நியனையும் சேத்துத்தான் போட்டிருக்கு அண்ணாச்சி. எந்த வேதத்துக்காரின்னு கேட்டுட்டு லீவு குடுன்னு போடல. போன ஞாயித்துக்கெழம நீங்க கோயில்ல பாடம் வாசிக்கையில உங்க வீட்டுல யாரு பாத்திரம் தேச்சா?”

அவர் காப்பியைக் குடித்து முடித்தார். அடுத்த வாரம் கமிட்டியில் இதைப் பேசப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். பேசினதாகத் தெரியவில்லை.