அரசரில்லாக் காலங்கள்

காலத்துக்குப் பெயரிடும் உரிமையை நமது சரித்திர நூல்கள் ஆண்டவர்களுக்கே எழுதிக் கொடுத்துவிட்டன. போர்த்துக்கேயர் காலம், ஒல்லாந்தர் காலம் என்றே நாமும் படித்தோம், படிப்பித்தும் வருகிறோம். 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் எழுப்பிய கற்பிட்டிக் கோட்டைக்குக் கல் சுமந்தவர்களின் பெயரால் ஒரு காலமும் இல்லை.

பூமி தோன்றுமுன் அரசரும் இல்லை, கோட்டையும் இல்லை. காலம் மட்டும் இருந்தது. பிரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள். அதில் 900 கோடிக்கு மேல் கழிந்த பின்னரே இப்பூமி உருவாயிற்று. அந்த நெடும்பரப்பை எவ்வாறு கூறுபோடுவது? பாறையைப் படித்துக் காலம் வகுக்கும் புவியியலாளருக்குப் பாறையில்லாத இடத்தில் வேலை குறைவு. பூமியின் முதற் காலத்துக்கு 1972இல் பிரெஸ்டன் கிளவுட் கிரேக்கரின் பாதாளப் பெயரைச் சூட்டினார்: ஹேடியன். அதற்கும் முந்தியதைக் 'கேயோஷியன்' என்று அழைக்கலாமென 2010இல் சிலர் முன்மொழிந்தனர். வானியலாளரோ நிகழ்ச்சியைக் கொண்டு பெயரிடுகின்றனர். பிரபஞ்சம் தோன்றி 3,80,000 ஆண்டளவில் அணுக்கள் அமைந்தன. பின்னர் விண்மீன் எதுவும் எரியாத 'இருண்ட காலம்'. அதன்பின் விண்மீன்களின் காலம். இவையே நமக்கு உவப்பானவை. யார் ஆண்டார் என்றல்ல, என்ன நடந்தது என்று சொல்கின்றன.

தமிழில் இதற்கு ஒரு முன்முயற்சி உண்டு. பரிபாடலின் இரண்டாம் பாடலில் கீரந்தையார் விசும்பு, காற்று, தீ, நீர், நிலம் என ஊழிகளை வரிசைப்படுத்துகிறார். காலத்தின் நீட்சியைச் சொல்ல நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் ஆகிய பேரெண்களைக் கையாள்கிறார். குளத்திலும் கடலிலும் கண்டவற்றைக் கொண்டே கோடானுகோடியை எண்ணிய அந்தத் துணிவை எத்துணை பாராட்டினாலும் தகும். ஆனால் பெருவெடிப்பைத் தமிழன் அன்றே அறிந்திருந்தான் என்று மேடைதோறும் முழங்குகிறார்களே, அதை வகுப்பறைக்குள் விடலாகாது. கீரந்தையாரிடம் தொலைநோக்கி இல்லை. அது அவருக்கு இழுக்கும் அன்று. பொய்ப் பெருமை ஊட்டப்பட்ட பிள்ளை கேள்வி கேட்பதை நிறுத்திவிடும்.

ஹேடியனை மனனம் செய்வித்துப் புள்ளி வழங்குவதும் இதே கேடுதான். நமது மாணவரிற் பலர் புத்தளம் உப்பளத் தொழிலாளரின் பிள்ளைகள். அவர்களுக்குப் பாத்தியிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம். அங்கே தேங்கும் நீரிலுள்ள ஐதரசனின் கரு பிரபஞ்சத்தின் முதற் கணங்களில் உண்டானது. நீர் வற்றியபின் எஞ்சும் உப்பின் சோடியமும் குளோரினும் பெரும் விண்மீன்களுள் வெந்து, அவை வெடித்துச் சிதறியபோது வெளிவந்தவை. சூரியன் பிறக்குமுன் நிகழ்ந்தது அது. நீர் ஒரு காலம், உப்பு இன்னொரு காலம். தந்தை வாரிக் குவிப்பது பூமியினும் மூத்த பண்டம் என்று அறிந்த பிள்ளை, அந்த மூடை என்ன விலைக்குப் போகிறது என்றும் கேட்கும்.