தட்டு விழும் இடம்

மேனாட்டு இசையில் நமக்குப் புலமை இல்லை. எனினும் மன்னாரில் கல்லூரி முடிந்து வீடு திரும்பும் மாலைகளில் நாம் விரும்பிக் கேட்பது, போலந்து நாட்டவரான சொப்பின் (1810–1849) பியானோவுக்கென இயற்றிய 'மசூர்க்கா' இசையையே. உப்புக்காற்று வீசும் இத்தீவுக்கும் போலந்துக்கும் என்ன உறவு என நண்பர்கள் நகைப்பதுண்டு.

மசூர்க்கா, வார்சோ நகரைச் சூழ்ந்த சமவெளியில் உழவர் ஆடிய ஆட்டம். அதன் தாளத்திற்குத் தட்டு மூன்று. வால்ஸ் ஆட்டத்திற்கும் மூன்றே. ஆனால் அங்கே அழுத்தம் முதல் தட்டில் விழும். மசூர்க்காவிலோ பெரும்பாலும் இரண்டாவதிலோ மூன்றாவதிலோ விழும். இளமையில், விடுமுறைக்குச் சென்ற சிற்றூரில், ஊரார் பாடி ஆடியதைக் கேட்டவர் சொப்பின். 1830 நவம்பரில் அவர் வார்சோவை விட்டுப் புறப்பட்டார். அம்மாத இறுதியில் உருசிய ஆட்சிக்கு எதிராக அங்கே கிளர்ச்சி மூண்டு, மறுவருடம் ஒடுக்கப்பட்டது. அவர் பின்னர் தாயகம் திரும்பவேயில்லை. பாரிஸில் இருந்துகொண்டு, ஆடுவதற்கன்றி அமர்ந்து கேட்பதற்கென மசூர்க்காக்களை இயற்றிவந்தார்.

ஒருமுறை அவருடைய மாணவர் லென்ஸ் ஒரு மசூர்க்காவை வாசிக்கையில், இசைநாடக மேதை மேயர்பீர் அங்கு வந்து, அதில் தட்டு இரண்டே என்றார். சொப்பின் சினந்து, தாமே வாசித்துக் காட்டி, மூன்றென வாதாடினார். மேயர்பீர் ஒப்பவில்லையாம்.

அவ்வாதத்தின் பொருள் நமக்கு மண்டபம் முகாமிலேயே விளங்கியிருந்தது. 1990இல் போர் மீண்டும் மூண்டபோது பெற்றோருடன் படகேறி இராமேசுவரம் சென்ற சிறுவர் நாம். முகாமில் அயல் வீட்டில் முதியவர் ஒருவர் இருந்தார். மன்னாரில் தேவாலய முற்றத்தில் கூத்தாடியவர். அங்கே மேடையும் இல்லை, மத்தளமும் இல்லை. இரவில் தகரப் பெட்டியொன்றைத் தட்டியவாறு மூவிராசாக்கள் கதையைப் பாடுவார். நாம் இந்துக்கள், ஆயினும் அப்பாட்டைக் கேட்டால் நம் அன்னையின் கண்கள் கலங்கும். நாமும் உடன் தட்டுவோம். "தம்பி, அங்கை இல்லை, கொஞ்சம் பொறுத்துத் தட்டு" என்று கையைப் பிடித்துத் திருத்துவார்.

நாம் 2003இல் ஊர் திரும்பினோம். அம்முதியவர் முகாமிலேயே மறைந்தார். சொப்பினின் உடல் பாரிஸில் இருக்க, அவர் இதயத்தையேனும் தமக்கையார் வார்சோவுக்குக் கொண்டுசென்றார். இவருக்கு அதுவும் வாய்க்கவில்லை. அவருடைய தட்டு மட்டும் நம் விரல்களில் ஊர் வந்து சேர்ந்தது.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மன்னார்க் கூத்து நூல்கள் சிலவற்றைப் பதிப்பித்தார். அதனால் பாட்டின் சொற்கள் பிழைத்தன. ஆனால் தட்டு எங்கே விழும், எவ்வளவு பொறுத்து விழும் என்பதை ஏடு முழுதும் காட்டாது. கை கைக்குத்தான் சொல்லவேண்டும். கூத்தறிந்த முதியோர் இன்னும் நம் ஊர்களில் உளர். மாணவர்களே, வரும் விடுமுறையில் அவர்களருகே ஒரு மாலை அமருங்கள். தாளம் தவறினால் திருத்த, அந்தக் கைகள் இருக்கும்போதே அமருங்கள்.