ஸ்கார்பரோவில் ஒரு பாதரட்சைப் பரீட்சை

தேகப்பயிற்சி வகுப்புக்கென்று வாங்கிக் கொடுத்த வெள்ளைக் கான்வாஸ் பூட்ஸை ஞாயிற்றுக்கிழமைகளில் கழுவி, வெள்ளைப் பூச்சைக் குழைத்துத் தடவி, வெயிலில் காயவைத்து வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர்களுக்கு, அந்தப் பாதரட்சை தங்கள் பாதத்துக்குப் பொருந்துகிறதா என்ற கேள்வியே ஒருநாளும் எழுந்ததில்லை. அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும் என்று ஓர் அளவு பெரிதாக வாங்கி, முனையில் பழந்துணி அடைத்துக் கொடுப்பதே குடும்ப தர்மமாக இருந்தது. கல்கத்தாவுக்கு அருகே பாட்டாநகரில் 1936 முதல் தயாராகி, இந்தியப் பள்ளிக்கூடங்களையெல்லாம் ஆக்கிரமித்த அந்த ஜோட்டுக்குப் பெயர் ‘டென்னிஸ்’ என்பதும், அதை அணிந்த லட்சோபலட்சம் பிள்ளைகளில் டென்னிஸ் மட்டையைக் கையில் தொட்டவர்கள் மிகச் சொற்பம் என்பதும் இன்று நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது.

அந்தப் பாட்டா கம்பெனிக்கும் டொராண்டோ மாநகருக்கும் நெடுநாள் சம்பந்தம் உண்டு. ஹிட்லரின் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவைக் கபளீகரம் செய்த 1939-ஆம் ஆண்டில், ஸ்தாபகரின் புதல்வர் தாமஸ் பாட்டா கனடாவுக்கு வந்து ஒன்டாரியோ மாகாணத்தில் பாட்டாவா என்றே ஓர் ஊரை உண்டாக்கினார். பிற்பாடு கம்பெனியின் உலகத் தலைமையகம் டொராண்டோவின் டான் மில்ஸ் பகுதியில், 1965-இல் எழுந்த ஒரு நவீன மாளிகையில் நடந்தது. அந்த மாளிகையை இடித்துவிட்டார்கள். 2014 முதல் அந்த இடத்தில் ஆகா கான் அருங்காட்சியகம் நிற்கிறது. தாமஸின் மனைவி சோன்யா பாட்டா தேசதேசாந்தரமாகச் சேகரித்த பாதரட்சைகளைக் கொண்டு ப்ளூர் வீதியில் 1995-இல் திறந்த பாட்டா பாதரட்சை அருங்காட்சியகம் மட்டும் செழிப்பாக இருக்கிறது. ரேமண்ட் மொரியாமா என்ற கட்டடக் கலைஞர் அந்தக் கட்டடத்தை மூடி சற்றே திறந்த ஜோட்டுப் பெட்டியின் வடிவில் அமைத்திருக்கிறார். நம் நாட்டுப் பாதுகை முதல் விளையாட்டு வீரர்களின் காலணி வரை அங்கே கண்ணாடிக்குள் வீற்றிருக்கின்றன. பார்த்துக்கொண்டே வந்தபோது, இத்தனையிலும் எது அணிந்தவனுக்குச் சுகம் தந்தது, எது கடித்தது என்பதை மட்டும் எந்தக் கண்ணாடிப் பெட்டியும் சொல்லாதே என்ற எண்ணம் உண்டாயிற்று.

அதை உடன் வந்த நண்பரிடம் சொன்னேன். அவர் ஸ்கார்பரோவில் பிள்ளைகளுக்கு டென்னிஸ் கற்றுக்கொடுப்பவர். மிசிசாகாவில் பிறந்த பியாங்கா ஆண்ட்ரீஸ்கு 2019-இல் டொராண்டோப் போட்டியிலும், அடுத்த மாதமே அமெரிக்கப் பகிரங்கப் போட்டியிலும் வெற்றி சூடிய பிறகு, மிருதங்கத்துக்கும் பரதத்துக்கும் பிள்ளைகளை அழைத்துப் போன தமிழ்ப் பெற்றோர் டென்னிஸுக்கும் காரோட்டத் தொடங்கினார்கள் என்பது அவர் அபிப்பிராயம். அவருடைய மாணவி ஒருத்திக்கு, பதினொரு வயதுப் பெண், சில வாரங்களாகக் குதிகாலில் வலி. ஓய்வு கொடுத்து, நல்ல பாதரட்சையும் வாங்கிக் கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். “நல்லது எது என்று சொல்லக்கூடிய மனிதர் ஒருவர் இருக்கிறார், நீங்களும் வந்து பாருங்கள்” என்றார் நண்பர்.

மளிகைக்கடையும் நகைக்கடையும் பயண ஏஜெண்டும் வரிசையாக அமைந்த ஒரு பிளாசாவின் பின்பக்கத்தில் இருந்தது அந்த மனிதரின் ஸ்தலம். முன்னறையில் இரண்டு நாற்காலி, சுவரோரம் பெட்டிகள், தரையில் டென்னிஸ் களத்தில் பூசும் அதே சொரசொரப்பான பச்சைப் பூச்சு பூசிய ஒரு நீளப் பலகை. பின்னறையில் கார்க்கையும் நுரைப்பட்டையையும் தேய்க்கும் இயந்திரம், பசை வாசனை, பாதத்தின் அச்செடுக்கும் நுரைப்பெட்டிகள். அறுபதைத் தாண்டிய மனிதர், மெலிந்த தேகம், ஆனால் கட்டைவிரல்கள் மட்டும் தேகத்துக்குப் பொருத்தமில்லாத பருமன்.

சுன்னாகத்தில் தகப்பனாரின் சைக்கிள் கடையில் வேலை பழகியவர். யுத்தத்தில் ஊரை விட்டு, 1989-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் டொராண்டோவில் வந்திறங்கியபோது யாரோ தானமாகக் கொடுத்த, இரண்டு அளவு பெரிய பூட்ஸில் பத்திரிகைக் காகிதத்தை அடைத்துக்கொண்டு பனியில் நடந்து, ஒரு கால்நகத்தைப் பறிகொடுத்தவர். பகலில் உணவுச்சாலையில் கோப்பை கழுவிக்கொண்டு, மாலையில் ஒரு ஜோட்டுக்கடையின் கிடங்கில் பெட்டி அடுக்கப் போனார். அங்கே, 1956 கிளர்ச்சிக்குப் பிறகு ஹங்கேரியிலிருந்து அகதியாக வந்த ஒரு முதிய ஜோட்டுத் தொழில் வல்லுநர் வாடிக்கைக்காரர்களின் கால் அளந்து பூட்டிவிடும் உத்தியோகத்தில் இருந்தார். ஒரு அகதி இன்னொரு அகதியிடம் பேச இருவருக்கும் தெரிந்த ஆங்கிலம் ஐம்பது வார்த்தைதான் இருக்கும். மீதியை அந்தக் கிழவர் கையைப் பிடித்து, விரலை ஜோட்டுக்குள் விட்டு, ‘இது, இது’ என்று தொட்டுக் காட்டிக் கற்பித்தாராம். “படிப்பெண்டால் அதுதான் ஐயா என்ர படிப்பு” என்றார் இவர். பிற்காலத்தில் காலுக்கு ஜோடு பொருத்தும் இந்தத் தொழிலுக்கென்று ஒன்டாரியோவின் லண்டன் நகரத்து வெஸ்டர்ன் சர்வகலாசாலையில் பட்டயப் படிப்பு வந்துவிட்டது. இவரிடம் அந்தப் பட்டயம் இல்லாததால், பட்டயம் பெற்ற ஒருவர் வாரத்தில் சில தினங்கள் வந்து கையெழுத்திட வேண்டியவற்றுக்குக் கையெழுத்திட்டுப் போகிறார்.

பெண்ணின் காலைப் பார்ப்பதற்கு முன் அவர் கேட்டு வாங்கியது அவளுடைய பழைய ஜோட்டை. ஜன்னல் வெளிச்சத்தில் மேசைமேல் வைத்து, பின்னாலிருந்து குனிந்து நோக்கினார்; குதிப்பகுதி வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. கவிழ்த்துப் பார்த்தார், வலது பெருவிரல் முனையில் ரப்பர் தேய்ந்து துணி தெரிந்தது. “சேர்விஸ் போடேக்க வலது காலை இழுக்கிற பிள்ளை. வெட்டித் திரும்பேக்க சறுக்கிறதும் இருக்கு. மாஸ்டர், இது ஓடுற சப்பாத்தல்லோ?” என்றார். நண்பர் தலையாட்டினார். மென்மையும் உயரமும் கொண்ட நுரைக் குதி, முன்னோக்கி நேரே ஓடுபவனுக்கு உபகாரம். பக்கவாட்டில் பாய்ந்து, பாய்ந்த கணத்திலேயே நின்று, எதிர்த்திசையில் திரும்ப வேண்டியவனுக்கு அதே உயரம் கணுக்காலைப் புரட்டிவிடும் அபாயமாகிறது. ஆகையினால் டென்னிஸ் பாதரட்சை தரையோடு தாழ்ந்தும், அடி அகன்றும், பக்கச் சுவர்கள் விறைத்தும், ரப்பர் மேல்நோக்கி விளிம்பைச் சுற்றியும், அடிப்பாகத்தில் பற்றவும் விடவும் தெரிந்த மீன்முள் வரிகள் ஓடியும் இருக்கும். இவ்வளவையும் அவர் அந்தக் கந்தல் ஜோட்டைக் கையில் வைத்துக்கொண்டே, அதில் எவையெல்லாம் இல்லை என்று காட்டி விளக்கிவிட்டார்.

பிறகு நாற்காலிக்கு அடியிலிருந்து கால் அளக்கும் கருவியை எடுத்தார். நான் பார்க்க விரும்பியதும் அதைத்தான். ஒன்டாரியோ ஏரிக்குத் தெற்கே, நியூயார்க் மாநிலத்துச் சிராக்யூஸ் நகரில், ஜோட்டுக்கடைக்காரர் ஒருவரின் மகனான சார்லஸ் பிரானக் என்ற வாலிபர், குழந்தைகள் திருகி இணைத்து விளையாடும் இரும்புத்துண்டுகளைக் கொண்டு முதல் மாதிரியைச் செய்து, 1920-களில் காப்புரிமை பெற்ற அளவுகோல் அது. குதி அமரும் கிண்ணம், அகலத்தைப் பார்க்கும் நகரும் சட்டம், இவற்றோடு பெருவிரலின் அடிமூட்டு எங்கே விழுகிறது என்று காட்டும் ஒரு சிறு முள். கனமான அந்த உலோகத் தட்டின் எண்கள் பாதி அழிந்திருந்தன. ஹங்கேரியக் கிழவர் விட்டுச் சென்றது அது. உலகத்துக் கடைகள் குதியிலிருந்து விரல்நுனி வரை ஒரே ஒரு நீளத்தை அளந்து திருப்தியடைகின்றன; ஆனால் ஜோடு மடங்கவேண்டிய இடம் விரல்நுனியன்று, அந்த மூட்டு. விரல் குட்டையாகவும் பாதவளைவு நெடியதாகவும் அமைந்த ஒருவர், விரல்நுனிக் கணக்குப்படி வாங்கினால், ஜோடு ஓரிடத்திலும் பாதம் வேறோரிடத்திலும் மடங்கி இரண்டும் நாள்முழுதும் சண்டையிடும். ஆகவே இரண்டு அளவில் எது பெரிதோ அதுவே அளவு. உட்கார்ந்து அளக்கக்கூடாது, பாரம் ஏறும்போது பாதம் விரியும். காலையில் அளக்கக்கூடாது, மாலைக்குள் பாதம் சற்று வீங்கும். இரண்டு காலையும் அளக்க வேண்டும். பெரிய காலுக்கே வாங்க வேண்டும். பெண்ணின் இடக்கால் வலக்காலைவிட அரை அளவு பெரிது. அவளுடைய தாயாருக்கு இது புதுச்செய்தி.

மின்னணுப் பலகைமேல் நிறுத்தி, பாதத்தின் அழுத்தத்தைச் சிவப்பும் மஞ்சளுமாகத் திரையில் காட்டும் யந்திரமும் அவரிடம் இருந்தது. அதைப்பற்றி நான் எழுதப்போவதில்லை. அவரும் அதை இன்ஷூரன்ஸ்காரர்களுக்காக வைத்திருப்பதுபோல்தான் இயக்கினார்.

புதிய ஜோடுகளைப் பரீட்சிக்கும்போதுதான் அந்தக் கட்டைவிரல்களின் மகிமை விளங்கியது. குதிகாலைச் சுற்றியிருக்கும் பின்சுவரை இரு பக்கமும் அழுத்தினார், அமுங்கினால் ஒதுக்கினார். முனையையும் குதியையும் பிடித்து வளைத்தார். மூட்டு விழும் இடத்தில் மடங்காமல் நடுவில் மடங்கியதையும் ஒதுக்கினார். ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கினார். சிரமமில்லாமல் முறுக்கிக்கொண்டதும் பெட்டிக்குத் திரும்பியது. உள் அட்டையை உருவித் தரையில் போட்டு, பெண்ணை அதன்மேல் நிற்கவைத்து, பாதம் விளிம்பைத் தாண்டுகிறதா என்று பார்த்தார். கையை உள்ளே விட்டுத் தையல்களை வருடினார். இந்தப் பரீட்சைகளில் மூன்று ஜோடிகள் தேறின. இவையெல்லாம் தாங்குதலுக்கான பரீட்சை. சௌகரியம் என்பதை அவர் விரலால் அறிய முடியாது. அணிகிறவளைத்தான் கேட்க வேண்டும். அங்கேதான் அவருடைய சாமர்த்தியம் இருந்தது.

“கண்ணை மூடு பிள்ளை” என்றார். நிறத்தைப் பார்த்தால் கால் நிறத்தையே பேசுமாம். ஒவ்வொரு ஜோடியையும் அவரே பூட்டி, நாடாவின் கடைசித் துளை வரை கோத்து இறுக்கி, பச்சைப் பலகையில் பக்கவாட்டில் பாயவும் நிற்கவும் சொன்னார். முடிந்ததும் ஒரு காகிதத்தில் கோடு கிழித்து, ஒரு முனை ‘சகிக்கவில்லை’, மறுமுனை ‘இதைவிடச் சுகமில்லை’ என்று வைத்துக்கொண்டு, தன் அனுபவம் எங்கே விழுகிறதென்று புள்ளி குத்தச் சொன்னார். மூன்று முடிந்து நான்காவதாக ஒன்றைப் பூட்டினார். எனக்கும் நண்பருக்கும் மட்டும் தெரியும், அது முதலில் பூட்டியதே என்று. முதல் தடவை கோட்டின் சுகமான முனையை எட்டியிருந்த புள்ளி, இம்முறை பாதிக்குக் கீழே விழுந்தது. முதலில் இருந்தது அந்த மூன்றிலும் மெத்தென்ற ஜோடு. கால் களைத்த பிறகு அந்த மெத்தைமேல் நிலைகொள்ள அவள் தசைகள் உழைக்க வேண்டியிருந்தது. “முதல் அஞ்சு நிமிஷம் கடைக்காரனுக்குச் சொந்தம், ஐயா. அதுக்குப் பிறகுதான் பிள்ளையின்ர காலுக்கு” என்றார்.

இந்தத் தந்திரத்தை எங்கே கற்றீர்கள் என்றேன். பொய் சொல்லும் வாடிக்கைக்காரர்களிடம் என்றார். ஆனால் கால்கரி சர்வகலாசாலையில் பென்னோ நிக் என்ற பேராசிரியரும் சகாக்களும் இதே வினாவை விஞ்ஞான ரீதியில் ஆராய்ந்திருக்கிறார்கள். 206 ராணுவத்தினருக்கு ஆறுவகை உள் அட்டைகளைக் கொடுத்து, தத்தமக்குச் சுகமானதைத் தேர்ந்து அணியச் சொன்னபோது, தேர்ந்தவை ஆளுக்கு ஆள் மாறுபட்டன என்பதையும், அணிந்தவர்களுக்கு வலியும் காயமும் குறைந்தன என்பதையும் 2001-இல் பிரசுரித்தார்கள். பாதம் தானே தனக்கு உகந்ததைத் தெரிந்தெடுக்கும் என்ற கொள்கையைப் பின்னால் 2015-இல் நிக் விரிவாக முன்வைத்தார். இதே டொராண்டோவில் யூனிவர்சிட்டி அவென்யூவின் மறுவாழ்வு ஆராய்ச்சி நிலையத்திலும், சாய்த்துச் சாய்த்து வைக்கும் பனித்தளத்தின்மேல் மனிதர்களைக் கயிற்றுக் கவசத்தோடு நடக்கவிட்டு, எத்தனை டிகிரிச் சரிவில் பூட்ஸ் வழுக்குகிறதென்று பார்க்கிறார்கள். ஏழு டிகிரியைத் தாண்டினால் ஒரு பனித்துளி முத்திரை. யந்திரக் காலை நம்பாமல் மனிதக் காலை நம்புகிறார்கள் என்பதற்காகவே அவர்கள்மேல் இவருக்கு மரியாதை.

இத்தனை சிரத்தைக்கும் கூலி என்ன? அவர் அரைமணிக்கு மேல் முழங்காலிட்டு அளந்து, பூட்டி, கழற்றிக் காட்ட, அளவையும் மாதிரியின் பெயரையும் தெரிந்துகொண்ட வாடிக்கைக்காரர்கள், “யோசித்துவிட்டு வருகிறோம்” என்று எழுந்து, வாசலைத் தாண்டும் முன்பே கைத்தொலைபேசியில் பதினைந்து டாலர் மலிவாக ஆர்டர் செய்கிறார்கள். அறிவை இங்கே இலவசமாக வாங்கி, அட்டைப்பெட்டியை வேறெங்கோ விலைகொடுத்து வாங்குவதை வியாபார சாமர்த்தியம் என்று மெச்சிக்கொள்ளும் காலம் இது. தமிழ்நாட்டின் செய்யாற்றிலே தைவான் முதலாளிகளின் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் நம் பெண்கள் விளையாட்டுக் காலணிகளைத் தைக்கிறார்கள். ஒரு ஜோடியின் விலையில் தைத்தவளுக்கும் பொருத்திவிட்டவருக்கும் போய்ச் சேருவது அற்பம். பாதத்தையே பார்த்திராத கிடங்குக்காரனும் விளம்பரக்காரனும் நடுவில் நின்று மிகுதியை அள்ளுகிறார்கள். இன்ஷூரன்ஸ் என்ற இடைத்தரகு இன்னும் விபரீதம். இதே நகரத்துப் போக்குவரத்துக் கழக ஊழியர்கள் பலர், ஒரு கடையோடு சேர்ந்து, வாங்காத பாத உபகரணங்களுக்கு ரசீது காட்டிப் பணம் பங்கிட்டுக்கொண்டது 2014-இல் தொடங்கிய விசாரணையில் வெளிப்பட்டு, இருநூறுக்கும் மேற்பட்டோர் நீக்கப்பட்டோ தாமாக விலகியோ வேலையிழந்தார்கள். கடைக்காரர் சிறை சென்றார். அதன் பிறகு ஒழுங்காகத் தொழில் செய்பவனும் ஒவ்வொரு பத்திரத்துக்கும் சந்தேகப் பார்வையைச் சுமக்க வேண்டியிருக்கிறது. திருடியவன் தண்டனை ஒரு காலத்தில் முடிந்துவிடும்; இவருக்கோ படிவங்கள் வருஷந்தோறும் நீள்கின்றன.

இதையெல்லாம் நான் ஆவேசமாகச் சொன்னபோது அவர் பெண்ணின் ஜோட்டுக்கு வலக்காலில் மட்டும் மெல்லிய கார்க் தகடு தேய்த்துக்கொண்டிருந்தார். இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சுவரைக் காட்டினார். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு சிறு பலகை: கால் அளந்து சப்பாத்துப் பார்த்துத் தர 25 டாலர், இங்கே வாங்கினால் அந்தத் தொகை கழிக்கப்படும். மாட்டி ஆறு மாதமாகிறதாம். மாட்டிய புதிதில் பலர் வாசலோடு திரும்பிப் போனார்கள். தன் மனைவியே அதைக் கழற்றச் சொன்னாள் என்றார். இப்போது, வேறிடத்தில் வாங்கிய ஜோட்டைப் பெட்டியோடு கொண்டுவந்து, 25 டாலரை மேசையில் வைத்து, “இது பிள்ளைக்குச் சரியோ எண்டு பாருங்கோ அண்ணை” என்று கேட்பவர்கள் வரத் தொடங்கியிருக்கிறார்கள்.

“சரியில்லை என்றால்?”

“சரியில்லை எண்டுதான் சொல்லுவன். காசும் எடுப்பன்” என்று இயந்திரத்தை மறுபடியும் ஓடவிட்டார்.