மேசைத் தட்டில் கிடந்த தாள்

மருந்து அதிகாரத்தில் வள்ளுவர், நோயாளியின் நிலை, நோயின் அளவு ஆகியவற்றோடு காலத்தையும் கருதுமாறு மருத்துவனுக்கு உணர்த்துகிறார். அடுத்த குறளில், அருகிருந்து பணிபுரிவோனையும் மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் ஒன்றாக்குகிறார். ஆண்டுதோறும் இவ்விரு குறள்களையும் வகுப்பில் நடத்திவந்த யாம், அவற்றின் பொருளை உண்மையில் உணர்ந்தது 2019ஆம் ஆண்டு வெள்ளகோவிலில்தான்.

74 வயதான எம் அன்னையார் திடீரெனப் பிதற்றத் தொடங்கினார். மறைந்துவிட்ட எம் அத்தாவை உணவுண்ண அழைத்தார். "வயசானா அப்படித்தானுங்க" என்றனர் அடுத்த வீட்டுத் தறிக்காரர்கள். யாமும் அவ்வாறே எண்ணி, ஊரிலிருந்த சிறு நர்சிங் ஹோம் ஒன்றில் சேர்த்தோம்.

காலையில் இரத்தம் எடுத்தனர். ஆங்கு ஆய்வகம் இன்மையால் மாதிரி வெளியூர் சென்றது. மாலையிலேயே முடிவு வந்துவிட்டது. ஆயினும் அத்தாள் இரவு முழுதும் மேசைத் தட்டிலேயே கிடந்தது. பணி மாறி வந்த செவிலியர் அதனை அறியார். கேள்வி கேட்பது மரியாதைக் குறைவெனக் கருதி யாமும் வாளாவிருந்தோம். விடியலில் அன்னையாருக்கு வலிப்பு வந்த பின்னரே தாளைத் தேடினர். லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்கவேண்டிய சோடியம் 114ஆக இருந்தது. இரத்த அழுத்தத்திற்காக உட்கொண்ட சிறுநீர்ப்பெருக்கி மாத்திரையே காரணம் என்று கோவையில் விளக்கினர். முதுமை என்று யாம் எண்ணியது உப்புக் குறைவே! இறையருளால் அன்னையார் பிழைத்தார்.

உயிருக்கு ஊறு செய்யத்தக்க முடிவுகளை ஆய்வகம் உடனே மருத்துவருக்கு அறிவிக்கவேண்டும் என்னும் முறையை அமெரிக்க நோய்க்குறியியல் அறிஞர் ஜார்ஜ் லண்ட்பெர்க் 1972இல் எழுதினார். தொலைபேசியில் கேட்பவர் அவ்வெண்ணைத் திருப்பிச் சொல்வதும், சொன்ன நேரத்தைப் பதிவேட்டில் குறிப்பதும் இன்று நல்ல ஆய்வகங்களின் நடைமுறை. மாதிரிக்கும் காலம் உண்டு. உரிய குழாயில் இடாது தாமதித்தால் இரத்த அணுக்களே சர்க்கரையைக் கரைத்துவிடும். பொட்டாசியமோ பொய்யாக உயர்ந்து காட்டும்.

மாணவச் செல்வங்களே! நும் வீட்டு முதியோரை மருத்துவமனையில் சேர்த்தால் பணிவுடன் மூன்று கேள்விகள் கேளுங்கள். மாதிரி எப்போது சென்றது? முடிவு எப்போது வரும்? வந்ததை மருத்துவர் பார்த்தாரா? இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவன்று, அருகிருப்போன் கடமை. அன்றிரவு யாம் அதனைச் செய்தோமில்லை.