சாவடியில் தங்கிய பாட்டு

எங்கள் ஊரின் பெயரிலேயே ஒரு விருந்தோம்பல் இருக்கிறது. சாவடி என்பது வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நடந்தும் வண்டி கட்டியும் போனவர்கள், முன்னொரு காலத்தில் தலைச்சுமையை இறக்கி வைத்துத் தண்ணீர் குடித்த இடமாக வேலப்பன்சாவடி இருந்திருக்க வேண்டும். இன்று கல்லூரிகளும் மருத்துவமனைகளும் திருமண மண்டபங்களும் சாலையின் இருபுறமும் நெருங்கி நிற்கின்றன. மனிதர் தங்கிச் செல்வது குறைந்துவிட்டது. ஆனால் பாட்டுகள் தங்குகின்றன. முகூர்த்த நாள்களில் மண்டபங்களில் எழும் மெல்லிசைக் குழுவின் ஓசை எங்கள் தெருவரை வரும். புதிய படப் பாடல்கள் ஆறு மாதத்திற்கொரு முறை மாறிவிடுகின்றன. மாறாமல் வருவது ஒன்று உண்டு. இரவு ஒன்பது மணிக்கு மேல், பந்தி முடிந்து இளைஞர் மேடையருகே கூடும்போது, தவறாமல் 'சுராங்கனி' ஒலிக்கும்.

பாடுகிறவருக்கும் ஆடுகிறவருக்கும் பாதிச் சொற்களுக்குப் பொருள் தெரியாது. அவை சிங்களச் சொற்கள். மீன் கொண்டு வந்ததைச் சொல்லி ஒரு பெண்ணை அழைக்கும் எளிய பாட்டு அது. இத்தனை எளிய ஒன்று எப்படிக் கடல் கடந்து வந்து, அரை நூற்றாண்டாக நம்மிடையே தங்கிவிட்டது என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

அதன் வேர் வெகு ஆழத்தில் இருக்கிறது. 1505இல் போர்த்துக்கீசியர் இலங்கைக் கரையை அடைந்தனர். அவர்களோடும், அவர்கள் அழைத்து வந்த ஆப்பிரிக்க மக்களோடும் வந்திறங்கிய தாளங்கள், ஆட்சிகள் மாறிய பின்னும் கடற்கரை ஊர்களில் நிலைத்தன. ஆடுதல் என்று பொருள்படும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்தே 'பைலா' என்ற பெயர் பிறந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில், காவல் துறையில் பணியாற்றிய வாலி பஸ்தியன்ஸ் என்பவர் அதைச் சிங்களப் பாட்டாக்கி மக்களிடம் சேர்த்தார். ஆள வந்தவனின் ஆட்டம் ஆளப்பட்டவனின் திருமணப் பந்தலுக்கு வந்து சேர்ந்தது. வரலாறு இப்படியும் சில வேளைகளில் நகைக்கும் போலும்!

அறுபதுகளின் இறுதியில் தமிழ் இளைஞர்கள் இந்தத் தாளத்தைக் கையிலெடுத்தனர். யாழ்ப்பாணத்து நித்தி கனகரத்தினம் கிட்டாரோடு பாடிய 'சின்ன மாமியே' வீடுதோறும் புகுந்தது. கள்ளுக்கடைப் பக்கம் போக வேண்டாமென்று அவர் பாடிய பாட்டைக் கள்ளுண்டவர்களும் சேர்ந்து பாடினார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அவரைப் போன்ற பலரால் 'பொப்பிசை' என்றும் 'துள்ளிசை' என்றும் ஒரு தனி வகையே உருவாயிற்று. அதன் சக்கரவர்த்தி என்று போற்றப்பட்டவர் ஏ.ஈ. மனோகரன். நமக்கு அவர் 'சிலோன் மனோகர்'. செங்கை ஆழியானின் நாவலைத் தழுவி 1978இல் வெளிவந்த 'வாடைக்காற்று' படத்திலும் அவர் நடித்தார்.

அந்நாளில் தமிழகத்து வீடுகளில் இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு காலையிலும் மாலையிலும் ஒரு குடும்ப உறுப்பினர்போல் இருந்தது. அந்த அலைவரிசையில் ஏறி மனோகரன் நம்மிடம் வந்தார். 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' என்னும் படத்தில் இளையராஜாவின் இசையில், மலேசியா வாசுதேவன் குரலில், 'சுராங்கனி' திரைக்கும் ஏறியது. அதன்பின் அது யாருடைய பாட்டு என்று எவரும் கேட்கவில்லை. எல்லாருடையதும் ஆகிவிட்டது.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் உலகின் மறுகோடியில், குளிர் மிகுந்த சுவீடன் நாட்டில், இரு தம்பதியர் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தனர். ஆக்னெத்தா, பியோர்ன், பென்னி, ஆன்னி ஃப்ரீட் என்னும் நால்வரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'அபா' என்று வரும். அதே பெயரில் அந்நாட்டில் ஒரு மீன் பதப்படுத்தும் நிறுவனம் இருந்ததால், அவர்களிடம் இசைவு பெற்றே குழு அப்பெயரை வைத்துக்கொண்டது. அங்கும் மீன், இங்கும் மீன்! திருநூலில் அரமேய மொழியில் தந்தையை விளிக்கும் சொல்லும், நம் வீட்டுக் குழந்தை தந்தையை விளிக்கும் சொல்லும் இந்தப் பெயரின் ஒலியையே ஒத்திருப்பது நம் வாசகருக்கு நினைவு வராமல் இராது.

1974 ஏப்ரல் 6 அன்று இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நடந்த யூரோவிஷன் போட்டியில் 'வாட்டர்லூ' பாடி அவர்கள் வென்றார்கள். தாய்மொழியல்லாத ஆங்கிலத்தில் பாடியே உலகை ஆட வைத்தார்கள். சென்னையில் ஒலிநாடாக்கள் மலிந்த எண்பதுகளில் நம் இளைஞர் சிலரும் அவற்றைக் கேட்டு மகிழ்ந்தனர். ஆனால் அந்தத் துள்ளலுக்கு உள்ளே ஒரு விரிசல் இருந்தது. இரு திருமணங்களும் முறிந்தன. பிரிந்த பின்னும் அவர்கள் ஒரே ஒலிவாங்கியின் முன் நின்று பாடினார்கள். 1982இல், பிரிகிறோம் என்று முறையாக அறிவிக்காமலே குழு ஓய்ந்தது. ஆயினும் பாட்டு ஓயவில்லை. 1992இல் வந்த தொகுப்பு, 1999இல் இலண்டனில் தொடங்கிய 'மம்மா மியா' நாடகம், 2013இல் ஸ்டாக்ஹோமில் திறந்த அருங்காட்சியகம், 2021இல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த புதிய இசைத்தட்டு, 2022இல் இலண்டனில் அவர்களின் இளமை உருவங்களைக் கணினி ஒளியில் மேடையேற்றிய நிகழ்ச்சி என்று அதன் வாழ்வு நீண்டுகொண்டே போகிறது.

இலேசான பாட்டு இலேசாகவே மறைந்துபோகும் என்றுதான் பெரியோர் பலர் நமக்குச் சொல்லி வந்தனர். துள்ளலைக் கேட்டால் முகம் சுளிப்பதை ஒரு தகுதியாகவே கருதிய தலைமுறை அது. கனமான சில பாடல்கள் மறைந்துபோக, இலேசானவை நின்று நிலைப்பதன் காரணம் என்ன? இந்தக் கேள்விக்கு நூல்களில் எனக்கு விடை கிட்டவில்லை. எங்கள் தெருவில் வாழும் ஓர் இலங்கைத் தமிழ் அம்மையாரிடம்தான் கிட்டியது.

அவரை நான் அக்கா என்றே அழைப்பேன். கொழும்பில் வாழ்ந்தவர். 1983 ஜூலையில் அவர்கள் வாழ்ந்த வீதி எரிந்தது. அடுத்த வீட்டுச் சிங்களப் பெண்மணி இரண்டு நாள் அக்காவின் குடும்பத்தைத் தம் வீட்டின் பின்னறையில் மறைத்து வைத்து, வாசலில் வந்து நின்ற கூட்டத்திடம் எவரும் இல்லை என்று உறுதியாகச் சொன்னாராம். பிறகு கப்பலில் காங்கேசன்துறை, அடுத்த ஆண்டு மன்னார்க் கரையிலிருந்து படகில் இராமேசுவரம், மண்டபம் முகாம், ஆண்டுகள் பல கடந்து இந்தச் சாவடி.

மண்டபத்தில் 'சுராங்கனி' தொடங்கினால் அக்கா எழுந்து சன்னலைச் சாத்திவிடுவார். துயர நினைவு என்று நானும் பேசாதிருந்தேன். ஆனால் ஒருநாள் முற்பகலில், வாசற்படியில் அமர்ந்து சூடை மீன் கழுவிக்கொண்டிருந்தவர், அதே பாட்டை மெல்ல முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கேட்டேன்.

"எண்ட கலியாணத்தில அந்த மனுசிதான் தம்பி முதல்ல எழும்பி ஆடினது. சுராங்கனிதான் பாட்டு. நாங்கள் தமிழில கைதட்ட, அவ சிங்களத்தில பாட, ஒரே சிரிப்பு."

"அப்படியானால் ஏன் அக்கா சன்னலை அடைக்கிறீர்கள்?"

"ஆக்கள் சத்தமா பாடேக்க எனக்கு அவவிண்ட குரல் கேக்காது."

இத்தனை பேர் கூடிப் பாடிய பாட்டு அந்த ஜூலையில் எதற்கும் உதவவில்லையே என்று நான் சொல்லி வருந்தினேன். அக்கா கையிலிருந்த மீனைச் சட்டியில் போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பாட்டு எங்களைக் காப்பாத்தேல்ல தம்பி. அந்த மனுசிதான் காப்பாத்தினவ. பாட்டில என்ன பிழை? ஆனா அவவோட சிரிச்ச நாளெல்லாம் இப்ப அந்தப் பாட்டுக்குள்ளதான் கிடக்கு. வேற எங்கயும் இல்ல. வீடு இல்ல, படம் இல்ல, அவவும் இப்ப இல்ல."

அன்றுமுதல் இலேசான பாட்டைப் பற்றிய என் எண்ணம் தெளிவு பெற்றது. கனமான இலக்கியம் நம்மைத் தனித்து அமரச் சொல்கிறது. அது தேவைதான். துள்ளிசையோ அடுத்த வீட்டாரை அழைத்து வரச் சொல்கிறது. பொருள் புரியாத மொழியிலும் கைதட்டச் சொல்கிறது. வன்முறையைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் அதற்கு இல்லை. அப்படிக் கேட்பது அதன்மேல் ஏற்றத் தகாத சுமை. ஆனால் பகை வெளியே தீ மூட்டி நிற்கும்போது, கதவைத் திறக்கும் ஒருவர், தாம் யாருக்காகத் திறக்கிறோம் என்பதை அறிந்திருக்க வேண்டும் அல்லவா? சேர்ந்து சிரித்த சில மணி நேரங்கள் அந்த அறிமுகத்தைச் செய்து வைக்கின்றன. பிறகு செய்ய வேண்டியது மனிதரின் பணி. அந்தப் பெண்மணி செய்தார். செய்யாதவர் பலர். இருசாராரும் அதே பாட்டைக் கேட்டவர்களே.

மனோகரனும் கடல் கடந்து வந்தவர்தாம். தமிழ்ப் படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் சிறு வேடங்கள் ஏற்று, 2018 ஜனவரியில் சென்னையிலேயே காலமானார். சுவீடன் நால்வருக்குத் தலைநகரில் அருங்காட்சியகம் இருக்கிறது. நம் மனிதருக்கு மண்டபத்து மேடைகள்தாம் இருக்கின்றன. அங்கு பாடும் இளைஞர் பலருக்கு அவர் பெயர் தெரியாது. திரைப்பாடல் என்றே எண்ணிப் பாடுகிறார்கள்.

எனவே ஒரு சிறு வேண்டுகோள். உங்கள் இல்லத் திருமணத்தில் அந்தப் பாட்டு வரும்போது, தொடங்குமுன் ஒரு வரியில் அறிவிக்கச் சொல்லுங்கள்: இதைப் பாடியவர் ஏ.ஈ. மனோகரன், இது இலங்கையிலிருந்து வந்த பாட்டு, இதில் இரண்டு மொழிகள் இருக்கின்றன என்று. அதன்பின் மனமார ஆடட்டும். வாய்ப்பிருந்தால், அடுத்த வீட்டாரையும் அழையுங்கள்.