சீமெண்ணெய்

எங்கள் வீட்டு ஹீட்டர் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கூவும். எழுந்து போய் பொத்தானை அழுத்தாவிட்டால் தானாக அணைந்துவிடும். மண்ணெண்ணெயில் எரிகிற ஹீட்டர். ஆள் தூங்கிப்போனால் ஆபத்து என்று ஜப்பானியர்கள் செய்து வைத்த ஏற்பாடு. அந்தக் குளிர்காலம் முழுக்க நானும் என் மனைவியும் அந்தப் பொத்தானைச் சுற்றித்தான் குடித்தனம் நடத்தினோம்.

ஊர் யோகோதே. ஜப்பானின் வடக்கே அகிதா மாநிலத்தில், மலைகளுக்கு நடுவே கிடக்கும் சிறு நகரம். பனி கொட்டுவதற்குப் பேர்போனது. என் மனைவி கோபிச்செட்டிபாளையத்தில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஆறு வருடம் ஆங்கிலம் எடுத்தவள். டோக்கியோவில் என்னோடு வந்து சும்மா இருக்கப் பிடிக்காமல் விண்ணப்பித்ததில், ஓர் ஏப்ரலில் யோகோதேயின் தொடக்கப் பள்ளிகளில் உதவி ஆங்கில ஆசிரியை வேலை கிடைத்தது. நான் வீட்டிலிருந்து மென்பொருள் எழுதுகிறவன், எங்கிருந்தால் என்ன என்று மூட்டை கட்டினோம். அக்டோபரில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. அவ்வளவுதான். அவள் சம்பளத்தில் இருவரும் சாப்பிட ஆரம்பித்தோம்.

இந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளிநாட்டவர்களை அரசே அழைத்துப் பள்ளிகளில் ஆங்கிலம் சொல்லித்தர வைக்கும் ஜெட் என்ற திட்டம் ஜப்பானில் 1987 முதல் இருக்கிறது. 2020இல் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் முறையான பாடமாகிவிட்டது. ஆனால் எல்லோரும் ஜெட் வழியாக வருவதில்லை. ஆள் அனுப்பும் தனியார் நிறுவனங்கள் இருக்கின்றன. நகராட்சி நிறுவனத்துக்குக் கொடுக்கும், நிறுவனம் ஆசிரியருக்குக் கொடுக்கும், நடுவில் கொஞ்சம் நிற்கும். என் மனைவி இந்த இரண்டாவது வழி. ஒப்பந்தத்தின் ஏழாவது பக்கத்தில் ஒரு வரி இருந்தது: பள்ளி விடுமுறை நாட்களுக்குச் சம்பளம் கிடையாது. ஏப்ரலில் கையெழுத்துப் போடும்போது அது சின்ன எழுத்தாகத் தெரிந்தது. அகிதாவில் பனிக்கால விடுமுறை டிசம்பர் கடைசி வாரம் தொடங்கி ஜனவரி நடுவரை போகும். செலவு அதிகமாகிற மாதத்தில் வரவு ஏறக்குறையப் பாதி.

இதை முதலில் எங்களுக்குச் சொன்னது அவளோடு வேலை பார்த்த பிலிப்பினோ ஆசிரியை. உள்ளூர்க்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு பல வருடங்களாக அங்கே இருப்பவர். எல்லோரும் அவரை ‘ஆத்தே’ என்பார்கள். தகலோகில் அக்கா. எனக்கு ஒவ்வொரு முறையும் எங்கள் ஊர் ஆத்தா ஞாபகம்தான் வரும், பேச்சும் அப்படித்தான் இருக்கும். ‘டிசம்பர் சம்பளத்தைத் தொடாதே’ என்றார். காரை நிறுத்தினால் வைப்பரைத் தூக்கி நிறுத்தி வைக்கவும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். இல்லையென்றால் கண்ணாடியோடு ஒட்டி உறைந்துவிடும்.

வீடு பழைய மர வீடு, குளிர் தாங்காத சுவர்கள். காலையில் சமையலறையில் 3 டிகிரி இருக்கும். வெங்காயம் உறைந்து கெடாமல் இருக்க ஃபிரிட்ஜுக்குள் வைத்தோம். இட்லி மாவு பொங்கவே பொங்காது. கொதாத்ஸு என்று கீழே மின்சூடும் மேலே கம்பளமும் போட்ட குட்டை மேசை ஒன்று உண்டு, அதன் அடியில் மாவுப் பாத்திரத்தை வைத்துக் கால் படாமல் உட்கார்ந்துகொள்வோம். இரவில் குழாய்த் தண்ணீரை வடித்துவிட்டுப் படுக்க வேண்டும், இல்லாவிட்டால் குழாய் உறைந்துவிடும். ஒருநாள் நான் மறந்துவிட்டேன். காலை ஏழு மணிக்குக் கெட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரில் முகம் கழுவிவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் என்ன செய்தேன்? எக்ஸெல்லில் அட்டவணை போட்டேன். வேலையில்லாத எஞ்சினியர் வேறென்ன செய்வான். மண்ணெண்ணெய் 18 லிட்டர் சிவப்புப் பிளாஸ்டிக் கேனில் வாங்க வேண்டும், கேனுக்குச் சுமார் 2000 யென். நாள் முழுக்க எரித்தால் நாலு நாள் வரும். காலையில் இரண்டு மணி நேரம், இரவில் நாலு மணி நேரம் என்று வைத்தால் பத்து நாள். சுடுதண்ணீருக்கும் ஒரு கட்டம் இருந்தது. சின்ன வயதில் ரேஷன் கடையில் நீலச் சீமெண்ணெய்க்கு அம்மாவோடு வரிசையில் நின்றிருக்கிறேன், லிட்டர் கணக்கு எனக்குப் புதிதில்லை. முதல் கேன் பத்தாவது நாள் தீர்ந்தபோது பெருமையாகச் சொன்னேன். “சூப்பருங்க” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வீடியோவில் வருவார். அதற்கு ஐந்து நிமிடம் முன் இவள் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுப் பருத்திச் சுடிதாரோடு ஹீட்டர் முன்னால் உட்கார்ந்துகொள்வாள்.

“என்ன கண்ணு, குளிரு ரொம்பவா?”

“இல்லம்மா, ஹீட்டர் போட்டா நம்மூரு மாதிரியேதான்.”

அழைப்பு முடிந்ததும் அவள் ஜாக்கெட்டைப் போடுவாள், நான் ஹீட்டரை அணைப்பேன்.

டிசம்பரிலேயே ஒன்றைக் கவனித்திருந்தேன். கல்யாண மோதிரம் அவள் விரலில் இல்லை. நான் கேட்கவில்லை. என்ன பதில் வரும் என்று நானே ஒன்றை முடிவு செய்துகொண்டு, அதைக் காதால் கேட்கப் பயந்தேன்.

பிப்ரவரி நடுவில் அந்த ஊரில் ‘கமகுரா’ நடக்கும். ஆள் உள்ளே உட்காரும் அளவுக்குப் பனியில் குடில்கள் கட்டி, தண்ணீர்த் தெய்வத்துக்குச் சின்ன மாடம் வைத்து, குழந்தைகள் உள்ளே இருந்து வருகிறவர்களைக் கூப்பிடுவார்கள். “ஹைத்தே தான்ஸே”, உள்ளே வாங்க என்று அகிதாப் பேச்சில். கூப்பிட்டு இனிப்பான அரிசிப் பானம் கொடுப்பார்கள். ஒரு குடிலிலிருந்து “சென்செய்!” என்று கத்தல் கேட்டது. இவளுடைய நாலாம் வகுப்புப் பிள்ளைகள். உள்ளே கரியடுப்பில் அரிசி அப்பம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் சமையலறையைவிட வெதுவெதுப்பாக இருந்தது, நிஜமாகவே.

பஞ்சு வைத்த மேலங்கி போட்ட ஒரு சிறுமி எழுந்து வந்து, கேட்காமலே என் மனைவியின் கையுறைகளைக் கழற்றி, இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். “இன்னிக்கும் ஐஸ்” என்று மற்றவர்களுக்கு அறிவித்தாள். பிறகு என்னிடம் திரும்பி, வகுப்பு தொடங்குமுன் முறை வைத்து டீச்சரின் கையைச் சூடாக்குகிறோம், இந்த வாரம் என் முறை என்றாள். சொல்லும்போது அவளுக்கு ஒரே பெருமை.

விளக்கு வெளிச்சத்தில் விரல்களைப் பார்த்தேன். சிவந்து, கணுக்களில் வீங்கி, ஓரிடத்தில் தோல் வெடித்திருந்தது. ஷிமோயாகே என்பார்கள், பனிச்சூடு. அந்த விரலில் எந்த மோதிரமும் ஏறாது.

திரும்பி நடக்கும்போது கேட்டேன்.

“அதுங்க விளையாட்டுங்க.”

“மோதிரம்?”

“கடுகு டப்பால இருக்குது. ஏன், வித்துட்டேன்னு நெனச்சீங்களா?”

நான் பதில் சொல்லவில்லை. அவளும் மேலே கேட்கவில்லை. பனியில் இரண்டு பேரின் பூட்ஸ் சத்தம்தான்.

வீட்டுக்கு வந்து ஹீட்டரைப் போட்டேன். பத்து மணிக்கு அணைக்கவில்லை. எனக்கு மறுபடி வேலை கிடைத்தது மார்ச் கடைசியில்தான், அதுவரை பணம் எப்படி ஓடியது என்பது தனிக்கதை, ஆத்தேவிடம் கடன் வாங்கியதும் அதில் வரும். அன்றிரவு அவள் ஹீட்டர் முன்னாலேயே கம்பளத்தை இழுத்துப் போட்டுத் தூங்கிவிட்டாள். நான் சன்னலை ஒரு விரல் அகலம் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் விழித்திருந்தேன். மூன்று மணி நேரம் ஆனதும் அது கூவியது. பொத்தானை அழுத்தினேன்.

கண்ணைத் திறக்காமலே, “எத்தனை லிட்டர் ஆச்சு?” என்றாள்.